எங்கள் தோப்பில் இருக்கும் அரண்மனைச் சுவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணிப்பேட்டைக்கும் வாலாஜாவுக்கும் நடுவே, பாலாற்றின் வடகரையில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. தோப்பின் நடுவில் ஒரு மேடு. அதன் மேல் இடுப்பு உயரத்துக்கு இரண்டு செங்கல் சுவர்கள், ஒரு வளைவின் அடிப்பாகம், பக்கத்தில் சுண்ணாம்பு பூசிய ஒரு தொட்டி. ஊரில் அதற்கு மகால் மேடு என்று பெயர். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ எடுத்த ஒரு போட்டோ வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தது. அன்றிலிருந்து போனில், டீக்கடையில், கல்யாண வீட்டில் என்று எங்கே போனாலும் அதே கேள்விகள். சரி, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இது ஆற்காட்டு நவாப்பின் அரண்மனையா?

தலைமை அரண்மனை இது இல்லை. அது ஆற்றுக்கு அந்தப் பக்கம், தென்கரையில், ஆற்காட்டுக் கோட்டைக்குள் இருந்தது. எங்கள் தோப்பில் இருப்பதை நான் தோட்ட மாளிகை என்றுதான் சொல்வேன். வெயில் காலத்தில் வந்து தங்க மரங்களுக்கு நடுவே தண்ணீர்த் தொட்டியோடு ஒரு வீடு கட்டிக்கொள்வது அந்தக் காலத்துப் பெரிய மனிதர்களின் வழக்கம். பக்கத்திலேயே நவ்லாக் இருக்கிறது பாருங்கள், ஒன்பது லட்சம் மரம் வைத்த தோட்டம் என்பதால் அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள், இன்றைக்கு அங்கே அரசுத் தென்னைப் பண்ணை நடக்கிறது. பாலாற்றின் இந்தக் கரை முழுக்கவே ஒரு காலத்தில் தோட்டக்கரைதான்.

நவாப் காலம் என்றால் எந்தக் காலம்?

மொகலாயப் படை 1698-ல் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது. அவர்கள் வைத்த ஆட்கள்தான் கர்நாடகத்து நவாப்புகள், ஆற்காட்டு நவாப் என்று நாம் சொல்வதும் இவர்களைத்தான். செஞ்சி ஒத்துவரவில்லை என்று தலைநகர் ஆற்காட்டுக்கு வந்தது. 1710-லிருந்து 1732 வரை இருந்த சாதத்துல்லா கான் காலத்தில் ஊர் நன்றாக வளர்ந்தது. நம் தெருக்கூத்தில் வருகிற செஞ்சி தேசிங்கு ராஜா 1714-ல் மோதியது இவரோடுதான். தேசிங்கு இறந்த பிறகு உடன்கட்டை ஏறிய அவர் மனைவியின் நினைவாக வைத்த பெயர்தான் ராணிப்பேட்டை. அப்புறம் முகமது அலி வாலாஜா, அவர் பெயரில் வாலாஜாபேட்டை. நாம் தினமும் பஸ் போர்டில் படிக்கிற ஊர்ப்பெயர்களே ஒரு நூற்றாண்டுச் சரித்திரம்.

அவ்வளவு பெரிய அரண்மனைகள் எல்லாம் எங்கே போயின?

எல்லாரும் கேட்கிற கேள்வி இது. எனக்கும் பதில் சொல்லப் பிடித்த கேள்வி இதுதான்.

முதல் காரணம் சண்டை. 1740-ல் மராட்டியர் தாமல்செருவுக் கணவாயில் நவாப் தோஸ்த் அலியைக் கொன்றுவிட்டு ஆற்காட்டைச் சூறையாடினார்கள். அவர் மகன் சஃப்தர் அலியை 1742-ல் வேலூரில் வைத்துச் சொந்தக்காரர்களே தீர்த்துக்கட்டினார்கள். 1749-ல் ஆம்பூர்ச் சண்டையில் அப்போது நவாப்பாக இருந்த அன்வருத்தீன் கான் விழுந்தார். 1751-ல் ஆங்கிலேயக் கம்பெனியின் கிளைவ் சுமார் 200 வெள்ளைக்காரர்களையும் 300 சிப்பாய்களையும் வைத்துக்கொண்டு ஆற்காட்டுக் கோட்டைக்குள் நுழைந்து ஐம்பது நாள் முற்றுகையைத் தாக்குப்பிடித்தார். சோறு குறைந்தபோது நம் சிப்பாய்கள் சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கஞ்சித் தண்ணீரைக் குடித்தார்கள் என்ற கதை அந்த முற்றுகையில் வந்ததுதான். 1780-ல் ஹைதர் அலி ஆற்காட்டைப் பிடித்தார். 1783-ல் திப்பு கோட்டையை இடித்துவிட்டுப் போனார். நாற்பத்து மூன்று வருஷத்துக்குள் இவ்வளவு அடி வாங்கிய ஊர் தமிழ்நாட்டில் வேறு எது என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் கட்டடங்களைச் சண்டையைவிட அதிகமாகத் தின்றது வேறு ஒன்று என்பது என் கருத்து. வாலாஜா நவாப் மெட்ராசுக்குக் குடிபோய் 1768-ல் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டார். ஆள் இல்லாத வீடு என்ன ஆகும்? முதலில் தேக்கு உத்தரமும் கதவும் போகும், ஏனென்றால் அதற்குத்தான் உடனே காசு. உத்தரம் போனால் அதன் மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துப் போட்ட மெட்ராஸ் டெரஸ் தளம் நிற்காது, அப்படியே உள்ளே விழும். தளம் இல்லாத சுவரின் தலையில் மழை நேராக இறங்கும். விழுந்த செங்கல்லை ஊர்க்காரர்கள் கிணறு கட்ட, திண்ணை கட்ட, மாட்டுத் தொழுவம் கட்ட எடுத்துப் போவார்கள். இதை நான் திருட்டு என்று சொல்ல மாட்டேன், சுட்ட செங்கல் சும்மா கிடந்தால் எந்தக் குடியானவனும் எடுப்பான். எங்கள் பம்புசெட் கிணற்றின் மேல்வளையத்தில் தட்டையான பழைய செங்கல் இருக்கிறது. அது எங்கிருந்து வந்திருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, மேட்டிலிருந்து கிணறு முப்பது அடிதான்.

செங்கல்லைப் பார்த்து இது நவாப் காலம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

கனத்தைப் பாருங்கள். இன்றைய சூளைக்கல் மூன்று அங்குலக் கனம் இருக்கும். சங்க காலச் செங்கல் என்றால் ஒரு கையால் தூக்கச் சிரமப்படுகிற அளவுக்குப் பெரியது, கனம் ஒன்று, அகலம் மூன்று, நீளம் ஆறு என்ற கணக்கில் இருக்கும். மகால் மேட்டுச் செங்கல் சின்னது, தட்டையானது, ஒரு அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டும், பெரிய பிஸ்கட் மாதிரி. இரண்டு கல்லுக்கு நடுவே உள்ள சுண்ணாம்புச் சாந்து கிட்டத்தட்ட கல்லின் கனத்துக்கே இருக்கிறது. 17, 18-ம் நூற்றாண்டுக் கட்டடங்களில் இந்தப் பாணியை நிறையப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை, செங்கல்லை மட்டும் வைத்து வருஷம் சொல்லாதீர்கள். பழைய கல்லை எடுத்துப் புதுச் சுவர் கட்டுவது எல்லாக் காலத்திலும் நடந்திருக்கிறது, எங்கள் கிணறே சாட்சி.

தொட்டியின் உள்பக்கம் ஏன் பளிங்கு மாதிரி வழவழப்பாக இருக்கிறது?

சுண்ணாம்புதான். கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பை மணலோடு செக்கில் அரைத்து, கடுக்காய் ஊறவைத்த தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் விட்டுப் பக்குவப்படுத்துவார்கள். முதல் பூச்சு கரடாக, அதன் மேல் கொஞ்சம் சன்னமாக, கடைசிப் பூச்சு மாவு போல. முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பது அந்தக் கடைசிப் பூச்சில். அது ஈரம் இருக்கும்போதே வழவழப்பான கூழாங்கல்லை வைத்து மணிக்கணக்கில் தேய்க்க வேண்டும். அந்தத் தேய்ப்பில்தான் பளபளப்பு வருகிறது. தொட்டியின் வடகிழக்கு மூலையில் ஒரு முழம் நீளத்துக்குப் பூச்சு பெயர்ந்திருக்கிறது, அங்கே மூன்று அடுக்கும் தோசையை மடித்த ஓரம் மாதிரி தனித்தனியாகத் தெரியும். கட்டை விரலைத் தண்ணீரில் நனைத்து மேல் அடுக்கில் தடவினால் இன்றைக்கும் மினுங்குகிறது. யார் வந்தாலும் நான் முதலில் கூட்டிப் போவது அந்த மூலைக்குத்தான்.

தொட்டிக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

மேட்டின் சரிவில் சுடுமண் குழாய்த் துண்டுகள் கிடக்கின்றன, ஒரு முனை பெரிசு, ஒரு முனை சின்னது, ஒன்றுக்குள் ஒன்று செருகிச் சாந்து வைத்து அடைக்கிற மாதிரி. கிணற்றிலிருந்து மாடு கட்டிக் கவலை ஏற்றத்தால் தண்ணீர் இறைத்து, உயரமான ஒரு தொட்டியில் நிரப்பி, அங்கிருந்து இந்தக் குழாய் வழியாகக் கீழே விடுவார்கள். மேலே எவ்வளவு உயரமோ அதற்குத் தக்கபடி கீழே வேகம் கிடைக்கும். மோட்டார் இல்லாத காலத்து நீரூற்று எல்லாம் இப்படித்தான் வேலை செய்தது.

இங்கிருந்து வேலூர்க் கோட்டைக்குச் சுரங்கப் பாதை போகிறதாமே?

இல்லை. வேலூர்க் கோட்டை ஆற்காட்டிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். பாலாறு மேலே வறண்டு கிடந்தாலும் மணலுக்குக் கீழே தண்ணீர் ஓடுகிற ஆறு, ஊற்றுக்கால்வாய் வெட்டி ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோனவர்கள் நம் முன்னோர்கள். அந்த மணலைத் துளைத்துச் சுரங்கம் போட்டால் முதல் நாளே நிரம்பிவிடும். நீங்கள் பார்த்த அந்த வளைவு வாய் கழிவுநீர் போகிற கால்வாய். உள்ளே குழந்தைகளை இறக்கிவிடாதீர்கள், மேல் வளைவு தளர்ந்திருக்கிறது, பாம்பும் உண்டு.

புதையல் இருக்கிறதா?

இந்தக் கேள்வியால் எங்களுக்கு ஏற்பட்ட நஷ்டத்தைச் சொல்கிறேன். போன வருஷம் ஒரு அமாவாசைக்கு மறுநாள் காலையில் தண்ணீர் கட்டப் போன எங்கள் பெரியப்பா அங்கிருந்தே போன் செய்தார், "டேய், ஓடி வாடா, செவுத்த ஒடச்சிட்டானுங்கடா" என்று. தொட்டியின் தெற்குச் சுவரை ஒட்டி ஆள் உயரப் பள்ளம். ஓரத்தில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம், அறுத்த கோழியின் இறகு. பள்ளம் தோண்டியதில் இரண்டடி நீளச் சுவர் உள்ளே சரிந்திருந்தது. அவ்வளவு சண்டைகளுக்குப் பிறகும் நின்ற சுவர் ஒரு ராத்திரியில் போய்விட்டது. பெரியப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. நாற்பது வருஷமாக அந்தச் சுவரில் முதுகு சாய்த்துத்தான் மத்தியானக் கஞ்சி குடித்திருக்கிறார்.

யோசித்துப் பாருங்கள், சண்டைக் காலத்தில் மூன்று நான்கு முறை சூறையாடப்பட்ட வட்டாரம் இது. தலைநகரை மாற்றிக்கொண்டு போனவர்கள் நகையை விட்டுவிட்டா போவார்கள்? இங்கே இருக்கிற விலைமதிப்பு என்பது எந்தச் சுவருக்குப் பக்கத்தில் எந்தக் குழாய், எந்த மண்ணடுக்கில் எந்த ஓடு என்ற வரிசைதான். தோண்டிக் கலைத்துவிட்டால் அந்த வரிசையைத் திரும்ப அடுக்கவே முடியாது.

எங்கள் நிலத்திலும் உழும்போது பழைய சுவர் தட்டுகிறது. என்ன செய்வது?

டிராக்டரை நிறுத்துங்கள், அதுதான் முதல் வேலை. அப்படியே அளவுக்கு ஒரு ஸ்கேலோ சாவியோ பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுங்கள். எங்கே, எவ்வளவு ஆழத்தில், என்றைக்கு என்று நோட்டில் எழுதுங்கள். மேலும் தோண்டாதீர்கள், கழுவாதீர்கள். பிறகு கிராம நிர்வாக அலுவலருக்கும் தாசில்தாருக்கும் எழுத்தில் தகவல் கொடுத்து, நகலில் ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாநிலத் தொல்லியல் துறைக்கும் ஒரு நகல் அனுப்பலாம்.

காசு, நகை, சிலை, செம்புப் பட்டயம் போல ஏதாவது கிடைத்தால் விஷயம் வேறு. 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் சிறை வரைக்கும் போகும். ஒழுங்காகத் தெரிவித்தவருக்குச் சட்டம் ஒன்றும் விரோதி இல்லை. சொந்தம் கொண்டாட ஆள் இல்லாத புதையலில் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அரசே எடுத்துக்கொண்டால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும் என்றும் இருக்கிறது. அதோடு 1972-ம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்தைத் தாண்டிய சிலை, காசு போன்றவை தொல்பொருள், ஓலைச்சுவடி என்றால் 75 வருஷம் போதும். இவற்றை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், வெளிநாட்டுக்குத் தனியார் யாரும் அனுப்ப முடியாது. அதனால் "நல்ல விலை தருகிறேன், ஆபீசுக்குச் சொல்லாதீர்கள்" என்று வருகிற ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சொன்னால் அரசு நிலத்தைப் பிடுங்கிக்கொள்ளாதா?

இந்தப் பயத்தில்தான் பலபேர் ராத்திரியோடு ராத்திரியாக ஜேசிபி வைத்து மேட்டை நிரவிவிடுகிறார்கள். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவித்தாலும் பட்டா தானாக மாறிவிடாது. தனியார் பெயரிலேயே இருக்கிற பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் உண்டு, உரிமையாளரோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது, நிலத்தையே எடுப்பதென்றால் அதற்குத் தனி நடைமுறையும் இழப்பீடும் இருக்கின்றன. ஆனால் அறிவித்த பிறகு இஷ்டத்துக்கு இடிக்கவோ கட்டவோ முடியாது என்பது உண்மை. வேலூர்க் கோட்டை மாதிரி மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள இடம் என்றால் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். இது தெரியாமல் சிலர் எந்தப் பழைய சுவர் இருந்தாலும் பக்கத்தில் வீடே கட்ட முடியாது என்று கிளப்பிவிடுகிறார்கள்.

ஒரு யோசனை, உங்கள் நிலத்தின் பழைய பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். மாளிகைமேடு, கோட்டைமேடு, அரண்மனைத் தோட்டம் என்று எல்லை சொல்லும் இடத்தில் ஒரு பெயர் இருந்தால், உங்கள் தாத்தாவுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

மேட்டில் என்ன பயிர் வைக்கலாம்?

ஆழக் குழி கேட்காதது எதுவும் வைக்கலாம். தென்னைக்கு மூன்றடிக்கு மூன்றடி குழி எடுப்போம், அது அஸ்திவாரத்துக்கு நேராக இறங்கும். எங்கள் தாத்தா மேட்டின் மேல் கேழ்வரகும் எள்ளும்தான் விதைப்பார், ஏர் நான்கு அங்குலத்துக்கு மேல் போகாது. இப்போது நாங்கள் புல் மட்டும் விட்டிருக்கிறோம். சொட்டுநீர்க் குழாயைப் புதைக்காமல் மேட்டைச் சுற்றி மண்ணுக்கு மேலேயே போட்டிருக்கிறோம்.

சுவரில் அரசமரம் முளைத்திருக்கிறதே, பிடுங்கவில்லையா?

பிடுங்கினால் வேரோடு செங்கல்லும் வரும். ரெண்டு இலை விடும்போதே கிள்ளிவிட வேண்டும். பெரிதாகிவிட்டால் அடியோடு அறுத்துவிட்டு, திரும்பத் துளிர்க்கத் துளிர்க்க வெட்டிக்கொண்டே இருந்தால் வேர் தானாகக் காய்ந்துவிடும்.

சிமெண்ட் பூசி நிரந்தரமாக நிறுத்திவிடலாமே?

நல்ல மனதோடுதான் கேட்கிறீர்கள், ஆனால் வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் வெளியே விடும். மேலே சிமெண்ட் போட்டு மூடினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, கொஞ்ச வருஷத்தில் பூச்சு செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழும். நாங்கள் செய்தது சின்ன வேலை. சுவர் அடியில் மழைத்தண்ணீர் நிற்காமல் வடிய வாட்டம் பார்த்து மண்ணைச் சரித்துவிட்டோம், ஆடு ஏறாமல் முள்வேலி போட்டோம்.

வந்து பார்க்கலாமா?

தாராளமாக. இது எங்கள் பிழைப்பு நடக்கிற தோப்பு, அதனால் சொல்லிவிட்டு வாருங்கள். மாங்காய் பறிப்பு நேரத்தில், அதாவது சித்திரையிலிருந்து ஆனி வரை, லாரியும் ஆளுமாக இருக்கும், அப்போது வேண்டாம். தை, மாசியில் வந்தால் மரம் பூத்திருக்கும், வெயிலும் தாங்கும். சுவர் மேல் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுக்க விடமாட்டோம்.

லொகேஷன் போடுங்களேன்?

போட மாட்டேன். அமாவாசைப் பள்ளம் வந்தது லொகேஷன் போட்ட பிறகுதான்.

உங்கள் தோப்புக்கு வர முடியாவிட்டால் வேறு எங்கே பார்க்கலாம்?

ஆற்காட்டில் பாலாற்றங்கரையில் டெல்லி கேட் நிற்கிறது, இடிபட்ட கோட்டையில் மிஞ்சிய வாசல். வேலூர்க் கோட்டைக்குள் ஹைதர் மகால், திப்பு மகால், பேகம் மகால், கண்டி மகால் எல்லாம் உண்டு. 1799-க்குப் பிறகு திப்புவின் குடும்பத்தையும், கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனையும் அங்கேதான் அடைத்து வைத்தார்கள். அவர் 1832-ல் வேலூரிலேயே இறந்தார், பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் அவருடையது. பழைய வட ஆற்காட்டில் இன்னும் பின்னால் போக ஆசை என்றால் படவேடு போங்கள். சம்புவராயர்களின் தலைநகர், 14-ம் நூற்றாண்டில் விஜயநகரத்துக் குமார கம்பணன் படையெடுத்து வந்த ஊர். இன்றைக்கு அங்கே வாழைத் தோப்பும் நெல்வயலும்தான், நடுநடுவே கோயில்கள். வரப்பில் நடக்கும்போது காலுக்கடியில் பானை ஓடுகளைப் பார்த்துக்கொண்டே நடங்கள், குனிந்து பாருங்கள், எடுக்காதீர்கள்.

ஞாபகத்துக்கு ஒரே ஒரு துண்டு எடுத்துப் போனால் என்ன?

கல்லூரிப் பிள்ளைகள் ஒரு குழுவாக வந்திருந்தார்கள், நல்ல பிள்ளைகள், தண்ணீர் பாட்டிலைக்கூடக் கையோடு எடுத்துப் போனார்கள். நான்கு மாதம் கழித்து ஒரு அம்மா குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறி வந்து, முந்தானையில் சுற்றிய ஒரு சுடுமண் குழாய்த் துண்டைப் பெரியப்பாவிடம் கொடுத்து, "எம்புள்ள தெரியாம எடுத்தாந்துட்டாங்கய்யா" என்றார். பெரியப்பா அந்த அம்மாவுக்கு மோர் கொடுத்து, ஒரு பை மாங்காயும் கொடுத்துத்தான் அனுப்பினார். அன்றைக்கு ராத்திரியே அந்தப் பையனுக்குப் போன் போட்டுக் கேட்டேன், "எங்கேப்பா எடுத்தே?" என்று. தொட்டிப் பக்கம் என்றான், கொஞ்சம் யோசித்து, இல்லண்ணே, சரிவுப் பக்கம் என்றான். சரிவு என்றால் அது கிணற்றிலிருந்து வந்த குழாய், தொட்டிப் பக்கம் என்றால் வெளியே போன குழாய். இப்போது அது பம்புசெட் ரூமில் மோட்டார் ஸ்டார்ட்டருக்கு மேலே பலகையில் இருக்கிறது, வருகிறவர்கள் கையில் எடுத்துப் பார்க்கலாம்.